இழுப்பறை

ஐந்து வருடமாக என் பையில்
ஓர் இழுப்பறை இருக்கிறது.
காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தினுடையது.
எந்திரம் இல்லை.
உள்ளங்கை அகலம், பீங்கான் குமிழ்,
பின்பலகையில் யாரோ பென்சிலால் எழுதிய பதினேழு.
பொத்தான் போட்டுவைக்க என்றுதான்
இரண்டு யூரோவுக்கு வாங்கினேன்.
பொத்தான்கள் இன்னும் பிஸ்கட் டப்பாவில்தான்.

பிரஸ்ஸல்ஸில் எங்கள் சதுக்கத்தில்
தினம் காலையில் சந்தை.
கருங்கல் தரையில் போர்வை விரித்து
காலியான வீடுகளை அப்படியே கவிழ்க்கிறார்கள்:
ஒரு கை போன மாதா,
அலாரம் மட்டும் அடிக்கும் கடிகாரம்,
பித்தளை ஊதுகொம்பு,
யாரையும் கடிக்காத ஒரு செட் பல்.

குனியும் முன் முகத்தைத்
துடைத்துவைத்துக்கொள்ள வேண்டும்.
ஆசை ஒட்டியிருந்தால் விலை ஏறும்.
முதலில் ஊதுகொம்பை விசாரித்தேன்.
பிறகு உடைந்த விளக்கை.
பிறகு, போகிற போக்கில்,
அடியில் சதுரமாய் வாய் பிளந்திருந்த
அந்த எந்திரத்தை.
"இது ஓட்டையாச்சே?"
"காற்றோட்டம், மதாம்" என்றார் திரிஸ்,
பிளாஸ்கிலிருந்து புதினா டீ ஊற்றியபடி.
"பதினைந்து."
"இழுப்பறைகூட இல்லாமலா?"
"இருந்திருந்தால் நான் ஏன் உங்களிடம்
பதினைந்து என்கிறேன்?"

பையைத் திறக்கவில்லை நான்.
திறந்தால் இருபத்தைந்து.
"ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்."
"சுற்றுங்கள். பூமியும் சுற்றுகிறது.
திரும்பி வரும்போது அதே நாளா இருக்கிறது?"

மூலையில் மயேல் என்ற பெண்
வெள்ளிக் கரண்டிகளை வளைத்து
மோதிரம் செய்துகொண்டிருந்தாள்.
சுத்தியலின் சத்தம் பல்லி சொல்வதுபோல் இருந்தது.
என் விரலுக்கு அளவெடுத்து,
சூடுகாட்டி, தட்டி, மறுபடி தட்டி...
இருபது நிமிடம்.
யாருடைய குடும்பத்து முதலெழுத்தோ
இப்போது என் சுட்டுவிரலில்.

திரும்பி வந்தேன்.
எந்திரம் இருந்த இடத்தில்
ஊதுகொம்பு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது.
திரிஸ் மோவாயால்
எதிர் கஃபேயைக் காட்டினார்.

ட்ராம் ஓட்டுநர் சீருடை,
பியர், ஒரு தட்டு இறால்,
நடுவில் அது.
ஓட்டைக்குள் விரலை விட்டு
எதையோ தேடிக்கொண்டிருந்தார் மனிதர்.
கேட்காமலே எதிரே உட்கார்ந்தேன்.
இழுப்பறையை மேசையில் வைத்தேன்.
அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்,
கோயிலுக்குள் போகிறவர்போல்.
"இஸிடோர்" என்றார்.
எந்திரத்தின் பெயரா, அவர் பெயரா,
ஒரு நொடி புரியவில்லை.

போனின் வெளிச்சத்தில் ஓட்டைக்குள் பார்த்தோம்.
பென்சிலால் இருபத்துநான்கு.
"வேறு ஜோடி" என்றேன்.
அதைச் சொன்னபோது நிம்மதியாக இருந்தது,
ஏனென்று கேட்காதீர்கள்.
பாதி போய் நின்றது.
அவர் எழுந்து கழிவறைக்குப் போய்
நகக்கண் அளவு சோப்புடன் வந்தார்.
இருபுறமும் தேய்த்து, உள்ளங்கையால் ஒரு தள்ளு.
டப்.
மேசையில் ஒரு சிட்டிகைத் தூள் கொட்டியது.
எத்தனை வருடத்துக் காப்பியோ,
இன்னும் மணந்தது.
இருவரும் துடைக்கவில்லை.

"விற்கிறீர்களா?" என்றார்.
"நீங்கள்?" என்றேன்.
இரண்டு முகங்களும்
சுத்தமாகத் துடைத்துவைத்திருந்தன.

சரி, எடுத்துக்கொண்டு போகலாமென்று இழுத்தேன்.
வரவில்லை. அவர் இழுத்தார்.
மறுபடி நான்.
குமிழ் மட்டும் கையோடு வந்தது.

போர்வையைத் தோளில் சுருட்டிக்கொண்டு
அந்த வழியாக வந்த திரிஸ் நின்று பார்த்தார்.
"முழுசு என்று தெரிந்திருந்தால்
நாற்பது சொல்லியிருப்பேன்."
என் இறாலில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.
என் இறால் இல்லை, இஸிடோருடையது.

பையில் இப்போது ஒரு பீங்கான் குமிழ்.
நடக்கும்போது சாவிக்கொத்தில் மோதி
கிணுகிணுக்கிறது.
வியாழக்கிழமை விடுமுறையாம் அவருக்கு,
பசை கொண்டுவருகிறாராம், இதே மேசைக்கு.
வருகிறேன் என்று சொல்லவில்லை.
ஒரு சுற்று சுற்றிவிட்டு, என்றேன்.